வள்ளியின் மயிலின்

செராஸ், மறுவாழ்வு வார்டு
9 நவம்பர் 2025

அண்ணா,

காகிதத்தில் நண்டு ஓடியிருக்கிறது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே. நான்தான், வள்ளி. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை வகுப்புப் பலகையில் நூல் பிடித்த மாதிரி எழுதிய கை இது. இப்போது நான் பேனாவைப் பிடிக்கிறேனா, பேனா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறதா என்றே தெரியவில்லை.

இங்கே உர்சுலா என்று ஒரு பயிற்சியாளர். என்னை நடக்க வைக்கவும் எழுத வைக்கவும் வந்தவள். மகா கண்டிப்பு. "டீச்சர், போன்ல தட்டுற வேலையெல்லாம் வேணாம் லா. கையால எழுதணும், தினமும் ஒரு பக்கம். யாருக்காவது லெட்டர் போடுங்க" என்றாள். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். என் எழுத்தை இனி ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் அல்லவா நீ? படிக்காதவனுக்கு எழுதினால் எழுத்து எப்படி இருந்தால் என்ன!

உஷா அண்ணி ஞாயிறுதோறும் சாப்பாட்டுக் கேரியரோடு வருகிறார்கள். நீதான் காரோட்டி வருகிறாயாம். வந்து கீழே கார் பார்க்கிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். நான் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோது ஐசியூ வாசலை விட்டு நகரவே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். நான் பிழைத்துக்கொண்டேன் என்றதும் கோபமும் பிழைத்துக்கொண்டதாக்கும்! உன் மகள் விஷ்ணுப்ரியா கல்யாணப் பத்திரிகையில் 'வறவேற்பு' என்று அச்சடித்தது நீ. சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன், குடும்ப குரூப்பில் அனுப்பினேன். அதற்கு இரண்டு வருஷம் பேசாமல் இருப்பதா?

என் கதைக்கு வருகிறேன். கால் இரண்டும் கட்டிலில் இருக்கின்றன. கண்ணால் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்கிறேன். பாதத்தில் துளி உணர்ச்சி இல்லை. உர்சுலா கிள்ளுகிறாள், ஐஸ் வைக்கிறாள், யாருடைய காலுக்கோ நடக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான் அண்ணா. தரை தெரிய வேண்டும். தரை தெரியாமல் எப்படி நடப்பது?

இன்னொன்று. தைப்பூசத்துக்கு நீ எனக்காக மயில் காவடி நேர்ந்திருக்கிறாயாம். சீனி பார்க்க விரலில் குத்தினாலே மயங்கி விழுகிற ஆள் நீ. உனக்குக் காவடியா? அதுவும் ஏன் குறிப்பாக மயில்?

வள்ளி


பண்டமாரான்
16 நவம்பர் 2025

வள்ளிக்கு,

நான் படிக்கல. உஷாராணி சத்தமா படிச்சா. காதுல விழுந்தா நான் என்ன பண்றது?

வட்டம் போட்டது பெரிய விஷயமில்லையாம்! கிள்ளான்ல இருந்து ஈப்போ வரைக்கும் சொந்தக்காரன் அத்தனை பேரும் சிரிச்சான். கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் மண்டப வாசல்ல நின்னுகிட்டு, "பரமேஸ்வரன், வரவேற்புக்கு இந்தப் பக்கமா, வறவேற்புக்கு அந்தப் பக்கமா?"ங்கிறாரு. பொண்ணைக் கட்டிக் குடுக்குற அப்பன் நான். அந்த நேரத்துல என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்? நீ தனியா எனக்குப் போன் அடிச்சு, "அண்ணா, ஒரு எழுத்து தப்பு"ன்னு சொல்லியிருக்கலாம்ல? அதான் கோவம். தப்புன்னு சொன்னதுக்கு இல்ல, ஊரைக் கூட்டிச் சொன்னதுக்கு.

மயில் ஏன்னு கேக்குறியே, உனக்கே தெரியாதா? ஐசியூ வாசல்ல ஒரு சின்ன டாக்டர் பொண்ணு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான், என்னைத் தனியா கூப்பிட்டுச்சு. "அங்கிள், அவங்க நரம்புல மயிலின் போயிருச்சு. ஆனா பயப்படாதீங்க, திரும்ப வந்துரும்"னு சொல்லுச்சு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. உன் பேரு வள்ளி. வள்ளிகிட்ட இருந்து மயிலு போயிருச்சுன்னா யாரு கோவிச்சுக்கிட்டாருன்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். நீ பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டுக்கு மாறினப்போ அம்மாவோட பித்தளை மயில் விளக்கை, "தேய்க்க நேரமில்லை"ன்னு என் தலையில கட்டிட்டுப் போனல்ல, அந்த ஞாபகமும் வந்துச்சு. அங்கயே கையெடுத்துக் கும்பிட்டேன். முருகா, உன் மயிலைத் திருப்பி அனுப்பு, நான் அதைத் தோள்ல சுமந்துகிட்டு பத்துமலை ஏறி வரேன்னு.

அன்னையில இருந்து அந்த விளக்கைத் தினம் நான்தான் தேய்க்கிறேன். பளபளன்னு இருக்கு.

பரமேஸ்வரன்


செராஸ்
19 நவம்பர் 2025

என் அருமை அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தாளாம். விஷயத்தைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் ஆன்டி என்னவென்று கேட்டார், அவரும் சேர்ந்துகொண்டார். இந்த நோய் வந்ததிலிருந்து இப்படி வயிறு வலிக்கச் சிரித்ததில்லை. நன்றி.

அண்ணா, அது மயில் இல்லை. மைலின். நரம்பைச் சுற்றியிருக்கும் உறை. கரண்டு வயருக்கு மேலே ரப்பர் இருக்கிறதே, அந்த மாதிரி. உறை இருந்தால்தான் சேதி வேகமாக ஓடும். செப்டம்பரில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்ததே, அந்தக் கிருமியின் மேல்தோலும் என் நரம்பின் மேல்தோலும் பார்க்க ஒரே மாதிரியாம். கிருமியை விரட்டப் போன என் உடம்பின் ராணுவம் ஆள் மாறிப்போய் என் நரம்பையே உரித்துவிட்டது. ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தது நீ மட்டுமில்லை, என் உடம்பும்தான்.

ஆகவே முருகன் யார் மேலும் கோபித்துக்கொள்ளவில்லை. உன் கடிதத்தில் 'மயிலின்' வந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை குரூப்பில் போடவில்லை, பார்த்தாயா? நீ மயிலிறகுக்கெல்லாம் அலைய வேண்டாம். பேசாமல் மாடிக்கு ஏறி வா, அது போதும்.

வள்ளி


பண்டமாரான்
30 நவம்பர் 2025

வள்ளி,

சிரி. நல்லா சிரி. வார்டையே கூட்டி வச்சுச் சிரி.

உனக்கு வேடிக்கையா இருக்கு, எனக்கு ஒரு வாரமா சாப்பாடு இறங்கல. போர்ட்ல பேப்பர்ல ஒரு எழுத்து தப்பா இருந்தா கன்டெய்னர் கேட்டைத் தாண்டாது, தெரியுமா உனக்கு? நான் இத்தனை வருஷமா லோரி ஓட்டுறேன், எத்தனை பெட்டி அப்படி வெயில்ல காஞ்சு கெடந்திருக்கு. இப்ப நான் முருகன்கிட்டயே ஆர்டரைத் தப்பா குடுத்துட்டேன். நான் கேட்டது மயிலு. உனக்கு வேண்டியது வேற. அவரு பாட்டுக்கு மயிலை அனுப்பி வச்சிட்டாருன்னா? உன் காலு என்ன ஆவுறது?

உஷாராணிகிட்ட சொன்னா, "சாமிக்குத் தெரியாதா?"ங்கிறா. தெரியும்தான். ஆனா கேக்குறவன் ஒழுங்கா கேக்கணும்ல?

அதனால ஒண்ணு பண்ணு. அந்த உறையைச் சுத்துறது யாருன்னு பேரோட எழுது. உடம்புக்குள்ள யாராவது ஆள் இருப்பாங்கல்ல, தானா சுத்திக்காதுல்ல? அவங்க பேரைச் சொல்லி நேரா வேண்டிக்கிறேன். எழுத்து எழுத்தா, தெளிவா எழுது. இந்தத் தடவை தப்பு வரக் கூடாது.

காவடியை விட மாட்டேன். வாக்கு குடுத்தாச்சு. நண்டு சாப்பிடுறதை நிறுத்தியாச்சு. பண்டமாரான்ல இருந்துகிட்டு நண்டு சாப்பிடாம இருக்குறது என்னன்னு உனக்குத் தெரியுமா?

அண்ணன்


செராஸ்
7 டிசம்பர் 2025

அண்ணா,

நீ கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன். முருகனுக்குப் பாடம் நடத்தும் ஆசை எனக்கில்லை.

மைலினைச் சுற்றுகிறவர் பெயர் ஷ்வான். கை கால் நரம்புக்கெல்லாம் இவர்தான் பொறுப்பு. ஒரு ஷ்வான் ஒரு நரம்பிழையின் ஒரே ஒரு துண்டைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். ரொட்டி சானாய் போடுகிறவன் மாவை விசிறுவதைப் பார்த்திருக்கிறாயே, அதுபோலத் தன் உடம்பையே மெல்லிசாக இழுத்து இழுத்து அந்தத் துண்டின்மேல் சுற்றிவிடுவார். அவர் உடம்புதான் உறை. அடுத்த துண்டுக்கு அடுத்த ஷ்வான். இப்படி இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு உறை கிழிந்தபோது இவர்கள் ஓடிப்போகவில்லை. ஒருவர் பலராகப் பெருகி, கிழிசலைக் கூட்டித் தள்ள ஆள் கூப்பிட்டு, திரும்பவும் சுற்ற ஆரம்பித்துவிட்டார்களாம். இந்த நிமிஷம் கூட என் முழங்காலுக்குக் கீழே யாரோ ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

மூளைக்குள் வேறு கூட்டம். அங்கே சுற்றுகிறவருக்கு ஒலிகோடென்ட்ரோசைட் என்று உன் லோரி நீளத்துக்குப் பெயர். அவருக்குப் பல கை, ஒரே நேரத்தில் பல நரம்புக்குச் சுற்றுவார். ஆஸ்ட்ரோசைட் நட்சத்திர வடிவில் இருப்பார், ரத்தத்திலிருந்து சாப்பாடு வாங்கி நரம்புச் செல்லுக்கு ஊட்டுவார், சிந்திக் கிடக்கும் உப்பைத் துடைத்துவிடுவார். குப்பை கூட்டுவதும் திருடன் வந்தால் பிடிப்பதும் மைக்ரோகிளியா. இவர்கள் எல்லோரையும் சேர்த்துத் தாங்கு செல்கள் என்கிறோம். நூறு வருஷத்துக்கு மேல் இவர்களை யாரும் மதிக்கவில்லை அண்ணா. நரம்புச் செல்தான் நினைக்கிறது, ஓடுகிறது, ஆடுகிறது, மற்றவை நடுவில் அப்பிய பசை என்று நினைத்து, பசை என்ற பொருளிலேயே கிளியா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நானும் வகுப்பில் இரண்டு வரியில் முடித்துவிடுவேன். பரீட்சையில் வராது என்பேன். இப்போது தினமும் தொடையைத் தடவி, "சுற்றுங்கள் ராஜா, சுற்றுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று இரண்டு கம்பிக்கு நடுவில் எழுந்து நின்றேன். உர்சுலா கை தட்டினாள். ஆனால் குனிந்து பார்த்தால்தான் நிற்பது தெரிகிறது. மேகத்தின்மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது. கால் பலம் வந்துவிடும், பாதத்தின் உணர்ச்சி சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்று டாக்டர் சொன்னார். பயமாக இருக்கிறது அண்ணா. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அண்ணியிடம் படிக்கக் கொடுக்காதே, நீயே படி.

வள்ளி


பண்டமாரான்
21 டிசம்பர் 2025

வள்ளி,

நானேதான் படிச்சேன். உஷாராணிகிட்ட குடுக்கல. இதுக்கு முன்னாடி வந்ததையும் நானேதான் படிச்சேன், அது வேற கதை.

வெள்ளிக்கிழமை நம்ம கோயிலுக்குப் போயி அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். ஐயர் தட்டை வாங்கிகிட்டு, "பேரு?"ன்னாரு. "ஷ்வான்"னேன். ஒரு மாதிரி பார்த்தாரு. "சீனரா? பரவாயில்ல. நட்சத்திரம்?" "நட்சத்திரமும் ஒருத்தர் இருக்காரு சாமி, ஆனா அவரு மூளைக்குள்ள இருக்காரு"ன்னேன். மனுஷன் தட்டைக் கீழ வச்சிட்டாரு. "பரமேஸ், விரதத்துல நேரத்துக்குச் சாப்புடுறியா இல்லையா?"ங்கிறாரு. பின்னால வரிசை நிக்குது. அப்புறம் எல்லாத்தையும் ஒழுங்கா சொன்னேன். ரொம்ப நல்ல மனுஷன். உன் முழுப் பேரைச் சொல்லி "அமுதவள்ளி நாமதேயஸ்ய"ன்னு ஆரம்பிச்சு, நடுவுல கண்ணை மூடிகிட்டு "ஷ்வான் பரிவார சகிதஸ்ய"ன்னு ஒண்ணைச் சேர்த்தாரு பாரு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆர்டர் சரியா போயிருச்சு வள்ளி. இனி கவலையில்ல.

அப்புறம் உன் பாடத்தை வெளிய வந்து உக்காந்து யோசிச்சேன். இது எனக்குத் தெரிஞ்ச கூட்டம்தான். காவடி எடுக்குறவன் ஒருத்தன். வெள்ளைக்காரன் கேமராவைத் தூக்கிகிட்டு அவனைத்தான் படம் புடிப்பான். ஆனா பக்கத்துல யாருன்னு பாரு. ஒருத்தன் தண்ணி குடுப்பான். ஒருத்தி எலுமிச்சம்பழம் வெட்டுவா. ரெண்டு பேரு கயிறு புடிச்சுக் கூட்டத்தை விலக்குவாங்க. குகன் உறுமி அடிப்பான், அது நின்னா காலு நின்னுரும். ஒருத்தன் ஸ்டூலைத் தூக்கிகிட்டே பின்னால வருவான், காவடிக்காரன் எப்ப தள்ளாடுறானோ அப்பச் சரியா அடியில போடணும். இவங்க இல்லாம ஒருத்தனும் மலை ஏறுனது கெடையாது. படத்துல இவங்க இருக்க மாட்டாங்க, அவ்வளவுதான். அந்தப் பேரு வச்சவங்க பத்துமலைக்கு வந்திருந்தா பசைன்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

எல்லாருக்கும் ஆள் போட்டாச்சு. ஸ்டூலுக்கு மட்டும் ஆள் போடல. அது உனக்குன்னு வச்சிருக்கேன்.

பயப்படாத. வர்ற ஞாயிறு நேர்ல சொல்றேன் மத்ததை.

அண்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
18 ஜனவரி 2026

அண்ணா,

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. நீ அந்த ஞாயிறு மாடி ஏறி வந்து என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிடித்து "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டாயே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தேற்றுவதற்காகச் சுண்டுவிரலில் கொஞ்சம் தெரிகிறது என்றேன். பொய். உனக்கும் அது பொய் என்று தெரிந்துதான் இருந்தது, இருந்தும் போகும்போது நர்ஸுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனாய்.

இப்போது ஊன்றுகோலோடு அறைக்கு அறை நடக்கிறேன். எழுத்தும் பார், வரியை விட்டு இறங்குவதில்லை. பாதம் மட்டும் அப்படியே இருக்கிறது. உர்சுலாவிடம் பத்துமலை போகலாமா என்று கேட்டேன். முதலில் முடியாது என்றாள். அப்புறம் ஸ்டூல் கதையைச் சொன்னதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போங்க டீச்சர். ஆனா வீல்சேர்ல. ரெண்டு அடிக்கு மேல நடக்கக் கூடாது. முக்கியமா செருப்பில்லாம கால் தரையில படக் கூடாது, சுட்டாக்கூட உங்களுக்குத் தெரியாது" என்றாள். மேரி மாதா கோயிலில் எனக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறாளாம். அவளும் ஷ்வான் பெயரைச் சொல்லித்தான் ஏற்றுகிறாள். எல்லாம் உன் வேலைதான்!

ஸ்டூலை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். அண்ணி தள்ளட்டும். மலை ஏற முடியாது, அடிவாரம் வரை வருகிறேன். நீ தள்ளாடினால் நான் இருக்கிறேன்.

உன் வள்ளி


பண்டமாரான்
3 பிப்ரவரி 2026

வள்ளி,

தோளு ரெண்டும் வீங்கிப் போயி கெடக்கு, பேனா புடிக்க முடியல. இப்ப என் எழுத்துல நண்டு ஓடுது. ஆனாலும் எழுதியே தீருவேன். உன்னைப் பத்தி நீயே எழுதினா பாதியை மறைச்சிருவ.

காலையில ஆத்தங்கரையில இருந்து கெளம்பினப்போ நல்லாத்தான் இருந்தேன். மயிலிறகு தலைக்கு மேல ஆடுது, குகன் பின்னி எடுக்குறான், எனக்குத் தரையிலயே கால் இல்ல. ரோட்டைத் தாண்டி கோயில் கேட்டுகிட்ட வரும்போது வெயில் மண்டையைப் பொளக்குது. அங்கதான் முட்டி ரெண்டும் கழண்டுருச்சு. "ஸ்டூல்!"னு மாப்பிள்ளை கத்துனது கேட்டுச்சு. நான் பின்னால சாயுறேன், அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உக்காந்தேன். ஸ்டூல் இருந்துச்சு. சரியா இருந்துச்சு.

நீ வீல்சேர்ல இருந்து நீயா எந்திரிச்சு ஸ்டூலைப் போட்டியாம், யாரையும் புடிக்கலையாம். உஷாராணி சொல்லிச் சொல்லி அழுவுறா. மிதிகட்டையில மாட்டி உன் சப்பாத்து ஒண்ணு கழண்டு விழுந்துருச்சு. வெறுங்காலை தார் ரோட்ல வச்சிட்ட.

ஊரே வேல் வேல்னு கத்துது. நீ மட்டும், "அய்யோ சுடுது! சுடுது! சுடுதுண்ணா!"ன்னு குதிக்கிற. குகன் உறுமியை நிறுத்திட்டான். யாரோ ஒரு ஆன்டி உனக்கு அருள் வந்துருச்சுன்னு நெனைச்சு ஓடி வந்து நெத்தியில திருநீறை அள்ளிப் பூசி, "யாரும்மா வந்திருக்கீங்க? சொல்லுங்க தாயி, யாரு வந்திருக்கீங்க?"ன்னு கேக்குது.

நீ அழுதுகிட்டே, "ஷ்வான்! ஷ்வான் வந்திருக்காரு!"ங்கிற.

அந்த ஆன்டி கையெடுத்துக் கும்பிட்டு உன் கால்ல விழுந்துச்சு பாரு! நான் காவடியோட சிரிக்க ஆரம்பிச்சேன், இறகு எல்லாம் சேர்ந்து சிரிச்சுச்சு. எத்தனையோ பேரு காவடி எடுத்திருக்கான், அப்படிச் சிரிச்சுகிட்டே மலை ஏறுனவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். மேல போயி முருகன்கிட்ட ஒண்ணும் கேக்கல. மயிலின் வந்துருச்சு சாமி, ரொம்ப நன்றின்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டேன்.

இன்னைக்கு நண்டு. ஒரு சட்டி நிறைய. உனக்கு உஷாராணி எடுத்துகிட்டு வருவா. நானும் வரேன், மாடிக்கே வரேன்.

அண்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
5 பிப்ரவரி 2026

அண்ணா,

உன் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்து படித்தேன், பழக்கம் விடுமா? கடைசியில் முருகனுக்கு நன்றி சொன்ன இடத்தில் 'மயிலின்' என்று எழுதியிருக்கிறாய். வேண்டுமென்றேதான் எழுதினாய், எனக்குத் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும், அதில் பிழை ஒன்றும் இல்லை.

உர்சுலா வந்து பாதத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டு திட்டென்று திட்டினாள். திட்டி முடித்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் எல்லா இடத்திலும் உணர்ச்சி வரவில்லை, குதிகால் மரத்துத்தான் கிடக்கிறது, அவர்கள் மெதுவாகத்தான் சுற்றுவார்களாம். பரவாயில்லை, சுற்றட்டும்.

பாதத்தில் ஒரு கொப்புளம், கச்சான் கடலை அளவுக்கு. தொட்டால் சுருக்கென்று வலிக்கிறது. வேலை வெட்டி இல்லாமல் காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வள்ளி